நாளையிலிருந்து வந்த ஆஞ்சப்பன்

ஆஞ்சப்பனுக்கு உயரம் அதிகம், பேச்சு குறைவு. தொரப்பள்ளியில் அவனுடைய தெருக்காரர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். உடம்பு வளர்ந்த வேகத்துக்கு வார்த்தைகள் ஈடுகொடுக்க முடியாமல் பாதியிலேயே நின்றுவிட்டனவாம். பஸ்ஸில் குனிந்துதான் நிற்பான். கண்டக்டர் "எங்க போவணும்?" என்று கேட்டால் சில்லறையை நீட்டுவான். அதைப் பார்த்து கண்டக்டரே ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூர் தொழிற்பேட்டையில், மின்விசிறிக்குப் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் அவனுக்கு வேலை கிடைத்தது. தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வெட்டும் இடம் அது. எல்லா பிரஸ்களும் சேர்ந்து அடிக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே யாரும் பேசுவதில்லை, கையைத்தான் ஆட்டுவார்கள். டீ வந்துவிட்டது என்பதற்கு ஒரு சைகை, ஃபோர்மேன் வருகிறார் என்பதற்கு ஒரு சைகை, ஃபோர்மேனைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதற்கு இன்னொரு சைகை. ஆஞ்சப்பன் முதல் நாளே அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டான். வாயே தேவைப்படாத ஒரு ஊர் உலகத்தில் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

இப்படி நிம்மதியாக இருந்தவனுக்கு முனிலட்சுமியால் சிக்கல் வந்தது.

முனிலட்சுமி அதே கம்பெனியில் வைண்டிங் பிரிவில் செம்புக்கம்பி சுற்றுகிற பெண். காவேரிப்பட்டினத்துக்காரி. ஓசூரில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஆஞ்சப்பனுக்கு முறைப்பெண்தான், கொஞ்சம் தூரத்து முறை. அவனுடைய அம்மா வெங்கடம்மாவும் அவளுடைய அம்மா மாரம்மாவும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் வருவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். முனிலட்சுமி மட்டும் தலையை ஆட்டவில்லை.

"ஆளு நல்ல ஆளுதான்மா" என்றாள் தன் அம்மாவிடம். "ஆனா ரெண்டு வருசமா ஒரே கேட்டுல போறோம், வர்றோம். ‘சாப்பிட்டியா’ன்னு ஒரு வார்த்த கேட்டது கெடையாது. கல்யாணம் கட்டிக்கிட்டு நான் செவுத்துகிட்டயா பேசறது?"

"ஆம்பள பேசாத இருந்தா அது வரம்டி" என்றாள் மாரம்மா.

"உனக்கு வரமா இருக்கும். ஆயுத பூசைக்கு நீ கம்பெனிக்கு வருவ இல்ல? மறுநா விசயதசமி. அன்னிக்குச் சொல்றேன், சரியா வேணாமான்னு. அதுவரைக்கும் என்னக் கேக்காத."

இந்தச் செய்தி மாரம்மாவிடமிருந்து வெங்கடம்மாவுக்கு வந்தது. வெங்கடம்மா மகனைப் பிடித்துக்கொண்டாள். "போயி ஏதாச்சும் பேசுடா. எதுனா பேசு. வாயில வர்றதப் பேசு."

ஆஞ்சப்பன் ஒரு வாரம் யோசித்தான். பிறகு ஒரு மாலை சைக்கிள் ஸ்டாண்டில் முனிலட்சுமிக்கு எதிரே போய் நின்று, "மழ வரும்" என்றான்.

முனிலட்சுமி வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம்கூட இல்லை. அவனைப் பார்த்தாள். அவனும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க மழை வரவில்லை.

அவனுக்கு அவளைப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்று சொல்வதற்கும் அவனிடம் சைகைதான் இருந்தது. அந்தச் சைகையை பிரஸ் ஷாப்புக்கு வெளியே செய்தால் செருப்படி விழும்.

இந்த நிலைமையில்தான் பாஸ்கரன் அவனைத் தேடி வந்தான்.

பாஸ்கரன் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள் என்று அட்டையில் அச்சாகும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. சாத்தூர்ப் பக்கத்துப் பையன். அவன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேதியியல் படித்துவிட்டு இங்கே வந்து மற்றவர்களின் தாமதத்தைக் கூட்டிப் போடுகிறோமே என்று அவ்வப்போது தனக்குள் கேட்டுக்கொள்வான். பதில் கிடைக்காதபோது காமிக்ஸ் படிப்பான். அவன் அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறையக் காமிக்ஸ் இருந்தது. அந்தப் புத்தகங்களில் ஒரு வகை வில்லன்மேல் அவனுக்குத் தனிப் பிரியம். இரும்பு உடம்பு, வருங்காலத்தில் செய்யப்பட்டவன், காலத்தில் பின்னால் வந்து இன்றைக்கு இருக்கிற மனிதர்களை அடிமையாக்கப் பார்ப்பவன். வருங்காலம் எதற்காக எப்போதும் வில்லனாகவே வருகிறது, ஒரு தடவையாவது சொந்தக்காரனைப் போலப் பழங்கள் வாங்கிக்கொண்டு வரக்கூடாதா என்று யோசித்து, தன் கேள்வியில் தானே மயங்கி, ஆயுத பூஜைக்கு ஒரு நாடகம் எழுதிவிட்டான்.

வில்லனுக்குப் பெயர் உருக்குக் காலன். நூறு வருஷத்துக்கு அப்பாலிருந்து வருகிற எந்திர மனிதன். அவனை அடித்து விரட்டும் வீரனுக்கு மின்னல் மாயன் என்று பெயர். பெயிண்ட் ஷாப் கந்தன் மாயனாக நடிக்க ஒப்புக்கொண்டான். சிவப்புப் போர்வையை முதுகில் கட்டிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டான். ஆனால் பேண்டுக்கு மேலே ஜட்டி போட வேண்டும் என்றதும் எழுந்து நின்றுவிட்டான்.

"யோவ் டைமு, வைண்டிங் பொம்பளைங்க முன்னாடியா? நான் வேலைய வுட்டுட்டு ஊருக்கே போறேன்."

"புஸ்தகத்துல அப்படித்தாண்ணே இருக்கு."

"புஸ்தகத்துல அவனுக்கு அக்கா தங்கச்சி இருந்திருக்க மாட்டாங்க."

கடைசியில் இடுப்பில் ஒரு துண்டு கட்டிக்கொள்வதாக ஒப்பந்தமானது. வீரனைப் பிடித்தாகிவிட்டது, வில்லனைப் பிடிக்க வேண்டும். உயரமான ஆள் வேண்டும். பாஸ்கரன் பிரஸ் ஷாப் வாசலில் ஆஞ்சப்பனை நிறுத்திக் கதை முழுவதையும் சொன்னான். ஆஞ்சப்பன் கடைசிவரை கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பேச்சு யாருக்கு அதிகம், சார்?"

"வில்லனுக்குத்தாண்ணே. அவன் பேசிக்கிட்டே இருப்பான். அடி வாங்கும்போதுகூடப் பேசுவான்."

ஆஞ்சப்பன் தலையை ஆட்டினான். அவன் கணக்கு எளிமையானது. முனிலட்சுமிக்கு எதிரே நின்று சொந்தமாகப் பேச அவனால் முடியாது. வேறொருவன் எழுதிக் கொடுத்ததைத் தகரத்துக்குள் நின்று பேசுவது முடியலாம். கடைசிக் காட்சியில் மாயன் அடித்ததும் காலனின் தலை கழன்று விழும். உள்ளே ஆஞ்சப்பன் முகம் தெரியும். இத்தனை நேரம் இத்தனை பேசியவன் இவனா என்று அவள் வியப்பாள். மறுநாள் சரி என்பாள். அதுவரை யார் வில்லன் என்பது ரகசியமாக இருக்க வேண்டும் என்று பாஸ்கரனும் விரும்பினான். அவனுக்கு வேண்டியது கைதட்டல். ஆஞ்சப்பனுக்கு வேண்டியது ஒரு சரி.

உடையைச் செய்தவர் மெயின்டனன்ஸ் திம்மராயன். ஸ்கிராப் யார்டில் கிடந்த காற்றுக்குழாய்த் தகட்டைச் சுருட்டி உடம்பு செய்தார். தூசி உறிஞ்சும் குழாயை வெட்டிக் கைகள். பழைய எக்ஸாஸ்ட் ஃபேனின் டிரம்தான் தலை, கண்ணுக்கு இரண்டு சிவப்பு இண்டிகேட்டர் விளக்குகள், உள்ளே பேட்டரி. பார்க்கப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சங்கடம். போல்ட் போட்டால் ஆடும்போது கழன்றுவிடும் என்று, கையால் கழற்ற முடியாத ரிவிட் ஆணியை அடிப்பதாக முடிவு செய்துவிட்டார்.

"அப்ப எப்படிக் கழட்டறது?" என்றான் பாஸ்கரன்.

"நாடகம் முடிஞ்சதும் கை டிரில்லு வெச்சுத் தொளச்சு எடுத்துடுவேன். பத்து நிமிச வேலை."

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் கம்பெனியில் குடும்பங்களுக்கு அனுமதி உண்டு. புதுப்புடவையும் பூவுமாகப் பெண்கள், கையில் பொரிகடலைப் பொட்டலம், இண்டு இடுக்கெல்லாம் வாழைமரம், மாவிலைத் தோரணம். வெங்கடம்மா வந்திருந்தாள், மாரம்மா வந்திருந்தாள். கேன்டீன் முற்றத்தில் மேடை போட்டு, மெஷின் ஷாப்பின் பெரிய ஷட்டர் மேடைக்குப் பின்பக்கம் வருமாறு அமைத்திருந்தார்கள். ஷட்டர் மேலே ஏற, புகைக்கு நடுவே காலன் வெளியே வர வேண்டும் என்பது பாஸ்கரனின் யோசனை.

ஆகவே மத்தியானமே ஆஞ்சப்பனை மெஷின் ஷாப்புக்குள் நிறுத்தி ரிவிட் அடித்து, தலையையும் மாட்டிவிட்டார் திம்மராயன். "அசையாத நில்லு, பேட்டரி எடுத்தாறேன்" என்று போனார். போன இடத்தில் யாரோ கேசரி கொடுத்திருக்கிறார்கள்.

ஆஞ்சப்பனால் கைகளை மடக்க முடியாது. தலையைக் கழற்ற முடியாது. கண் இருக்கும் இடத்தில் ஒரு பிளவு. அதன் வழியாக எதிரே தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பெரிய உருவம் தெரிந்தது. பெங்களூரிலிருந்து அந்த வாரம்தான் இறங்கிய புது மெஷின். ஆளே வேண்டாம், தானாகவே ஓடும், நாலு பேர் வேலையைச் செய்யும் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. யாரும் இன்னும் அதைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் சந்தனக் கிண்ணத்தோடு பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் பூசாரி சென்றாயன். வருஷம் முழுக்க அவர் பேக்கிங்கில் உதவியாள். "சென்றாயா, அட்டை எங்கய்யா?" என்று ஆளாளுக்கு விரட்டுவார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் அவர் சட்டையில்லாமல் வேட்டி கட்டி நிற்க, மேனேஜரே கைகட்டி நிற்பார். சென்றாயனுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பண்டிகை.

லேத்துக்குச் சந்தனம், டிரில்லிங் மெஷினுக்குக் குங்குமம், பெஞ்சில் வரிசையாகக் கழுவி வைத்த சுத்தி, ஸ்பானர், அரம், கை டிரில் எல்லாவற்றுக்கும் பொட்டு. இப்படியே வந்த முனிலட்சுமி, தார்ப்பாய்க்கு எதிரே பளபளவென்று நின்ற உருவத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யண்ணா, புது மிஷினப் பிரிச்சு வெச்சுட்டாங்க போல!"

சென்றாயன் அண்ணாந்து பார்த்தார். "பெங்களூருக்காரன் நல்லாத்தான் செஞ்சிருக்கான். கண்ணு கிண்ணெல்லாம் வெச்சு. பொட்டு வைம்மா."

இந்த இடத்தில் ஆஞ்சப்பன் "நான்தான்" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். இரண்டே அசை உள்ள வார்த்தை. ஆனால் எதிரே நிற்பது முனிலட்சுமி. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய மார்பில் மூன்று பட்டையாகச் சந்தனம் விழுந்தது, நடுவில் குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை. காலடியில் எலுமிச்சம்பழம். சென்றாயன் சூடம் காட்டி, சாம்பிராணிப் புகையை நேராக முகத்தில் விட்டார். பிறகு அடுத்த மெஷினுக்குப் போனார். முனிலட்சுமி மட்டும் பின்தங்கிக் கைகூப்பினாள்.

"சாமி, புதுசா வந்திருக்க. வந்ததும் வராததுமா எங்க வேலயப் புடுங்கிக்காத. எங்க வெரலுங்களப் பத்திரமா வெச்சிரு." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. நாளைக்கு நான் ஒரு பதில் சொல்லணும். அந்த பிரஸ் ஷாப்பு ஒட்டகத்துக்கு. ஆளு மோசமில்ல. எங்க வைண்டிங்கு செல்லியக்கா கையில அடிபட்டப்ப எல்லாரும் சுத்தி நின்னு கத்துனாங்க, அதுதான் தூக்கிக்கிட்டுக் கேட்டு வரைக்கும் ஓடுச்சு. அப்பவும் வாயத் தெறக்கல. அதுக்கு வாயி இருக்குதா, இல்ல அதுவும் தகரமான்னு நீதான் எனக்குக் காட்டணும்."

தகரத்துக்குள் ஆஞ்சப்பனுக்குக் கண்ணில் நீர் வந்தது. பாதி மகிழ்ச்சியால், பாதி சாம்பிராணியால். ஒட்டகம் என்று தனக்கொரு பெயர் இருப்பது அவனுக்குத் தெரியாது. அடக்கி அடக்கிப் பார்த்தும் முடியாமல் ஒரு தும்மல் தும்மினான். டிரம்முக்குள் அது பெரிதாக எதிரொலித்தது.

முனிலட்சுமி பின்வாங்கவில்லை. காதை வைத்துக் கேட்டாள். "வந்தவுடனே காத்து லீக்காவுது" என்று சொல்லி, ஆறுதலாக அவன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

திம்மராயன் வந்து பேட்டரியைப் போட்டதும் நாடகம் தொடங்கியது. மின்னல் மாயன் துண்டோடு வந்து உலகத்தைக் காப்பாற்றுவதாகச் சொன்னான். யாரும் பெரிதாக நம்பவில்லை. பிறகு ஷட்டர் கடகடவென்று ஏறியது. புகைக்கு நடுவே, இரண்டு சிவப்புக் கண்களும் எரிய, சந்தனமும் குங்குமமும் மாலையுமாக உருக்குக் காலன் நின்றான். கூட்டம் மூச்சடைத்துப் போனது. காலன் ஒரு காலைத் தூக்கினான்.

"நிறுத்துங்க!" என்று சென்றாயன் கத்தினார். "அசையாத! தூக்குன கால வெக்காத!"

காலன் ஒற்றைக் காலில் நின்றான்.

"பூச போட்ட மிஷினு அது! இன்னிக்கு ஓடக் கூடாது!"

பாஸ்கரன் மேடைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தான். "அண்ணே, அது மெஷின் இல்ல. உள்ள ஆளு இருக்காரு."

"ஆளு இருந்தா என்னா? லேத்துலகூட ஆளு நின்னுதான் ஓட்டறோம். நான் சூடம் காட்டியிருக்கறேன். பொட்டு வெச்சாச்சு, எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. மந்திரம் சொன்னது சொன்னதுதான்."

முனிலட்சுமி முன் வரிசையில் எழுந்து நின்றாள். உள்ளே மனிதன் இருப்பது அவளுக்கும் அதிர்ச்சிதான். அதைவிட வேண்டுதல் கெட்டுப்போகுமே என்பது பெரிய கவலை. "நான்தான் சந்தனம் வெச்சேன். மனசுல ஒண்ணு நெனச்சு வெச்சிருக்கறேன். அது இன்னிக்கு நவுந்தா என் வேண்டுதலு என்னாவறது?"

மேனேஜர் பெங்களூர்க்காரர். "ஏனப்பா இது?" என்று கன்னடத்தில் கேட்டார், என்னப்பா இது என்று. யாரோ விளக்கினார்கள். அவர் சென்றாயனைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், "பூஜை விஷயம், நான் சொல்ல முடியாது" என்று பொரியை வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஆளு எறங்கிப் போவட்டும், மிஷினு நிக்கட்டும்" என்று கூட்டத்தில் ஒருவர் நியாயம் சொன்னார்.

திம்மராயன் கையைப் பிசைந்தார். "ரிவிட் அடிச்சிருக்குது. டிரில்லு வெச்சுத்தான் எடுக்கணும்."

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். கை டிரில் நெற்றியில் குங்குமத்தோடு பூவுக்குள் உட்கார்ந்திருந்தது.

"அதுவும் இன்னிக்கு ஓடக்கூடாது" என்றார் சென்றாயன்.

"அப்ப?"

"நாளைக்குக் காலையில தேங்கா ஒடச்சு எல்லா மிஷினையும் ஓட்டுவோம் இல்ல, அப்ப எறக்கிக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தாளு அங்கயே நிக்கறதா? அவசரம் வந்தா என்னய்யா பண்ணுவான்?" என்றான் கந்தன். சென்றாயனின் சாஸ்திரத்தில் அதற்கு வழி இல்லை.

ஆஞ்சப்பன் இன்னும் ஒற்றைக் காலில்தான் நின்றான். பாஸ்கரன் எழுதிக் கொடுத்த வசனம் எல்லாம் மனதில் இருந்தது, ஆனால் எதுவும் இந்தச் சங்கடத்துக்கு உதவாது. யாருக்கு முன்னால் பேச வேண்டும் என்று ஏங்கினானோ அவளே நகராதே என்கிறாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளை காலைவரை தகரம். அதற்குப் பிறகும் அவளுக்கு அவன் தகரம்தான்.

"யண்ணா" என்றது டிரம். குரல் எதிரொலித்து எங்கிருந்தோ வந்ததுபோல இருந்தது. "நான் இன்னிக்கு மிஷினு இல்ல. நான் நாளையிலிருந்து வந்தவன்."

கூட்டம் கழுத்தை நீட்டியது.

"நூறு வருசத்துக்கு அந்தாண்ட கெளம்பி, ஒவ்வொரு நாளா பின்னால வந்துக்கிட்டிருக்கறேன். கடைசியா நாளையில நின்னேன். அங்க விசயதசமி. தேங்கா ஒடச்சு என்ன ஓட்டி வுட்டுட்டாங்க. ஓடிக்கிட்டேதான் இங்க வந்தேன். ஓடற மிஷின நடுவுல நிறுத்தறதுதான் தப்பு."

சென்றாயன் இதை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் பூசாரி அல்லவா, விசாரித்தார். "தேங்கா ஒடச்சது யாரு?"

"நீங்கதாண்ணா."

"சூடம் காட்டுனனா?"

"காட்டுனீங்க. காத்துக்கு ரெண்டு வாட்டி அணைஞ்சு போச்சு."

சென்றாயன் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். "இந்த மாசக் காத்துக்கு அப்படித்தான் அணையும்" என்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "நாளைக்குப் பூச முடிஞ்ச மிஷினு இன்னிக்கு ஓடலாம். கால எறக்கி வை."

கைதட்டல் எழுந்தது. ஆஞ்சப்பன் காலைக் கீழே வைத்தான். அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"அடி மாரம்மா, அது எம் பையன்டி!" வெங்கடம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எம் பையன் கொரலுடி அது! இத்தன பேச்சு இவன் வவுத்துக்குள்ள எங்கடி இருந்துச்சு?"

முனிலட்சுமியின் முகத்தில் நிறம் ஏறியது. ஒட்டகம் என்றது, செல்லியக்கா விஷயம், தகரமா என்று கேட்டது, வயிற்றில் தட்டியது எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வருவதை ஆஞ்சப்பன் பிளவின் வழியே பார்த்தான். அவள் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தான். அவள் உட்காரவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுதான் நின்னியா?"

டிரம் லேசாக முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது.

"சரி. நாளையிலிருந்து வந்தவன்தான நீ? நாளைக்கு நான் ஒருத்தருக்கு ஒரு பதில் சொல்லணும். என்னா சொன்னேன்? சொல்லு பாக்கலாம்."

மாரம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள், அவள் உதறிவிட்டாள். பின்வரிசையில் இருந்தவர்கள் பெஞ்சுமேல் ஏறினார்கள். மேனேஜர் பொரியை நிறுத்திவிட்டார்.

"சொல்ல மாட்டேன்" என்றான் ஆஞ்சப்பன்.

"ஏனாம்?"

"சொன்னா நீ வேணும்னே மாத்திச் சொல்லுவ. நீ மாத்திட்டா, நான் பாத்துட்டு வந்த நாளையே இல்லாத போயிடும். அப்புறம் நான் எங்க திரும்பிப் போறது? தொரப்பள்ளி பஸ்ஸும் போயிருக்கும்."

முற்றம் அதிரச் சிரித்தார்கள். முனிலட்சுமி வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. சிரிப்பா கோபமா என்று பிளவுக்குள் இருந்தவனுக்குத் தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் பாஸ்கரன் திகைத்துப்போய் நின்றான். இதே விஷயத்தைப் புரியவைக்க அவனுடைய காமிக்ஸ் புத்தகங்கள் மூன்று இதழ்கள் எடுத்துக்கொண்டிருந்தன. எந்தக் காமிக்ஸையும் புரட்டிப் பார்க்காத பிரஸ் ஆபரேட்டர் ஒருவன், அதை பஸ் நேரத்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டான். தான் படித்ததெல்லாம் எதற்கு என்ற பழைய கேள்வி மறுபடி வந்தது. இந்தத் தடவை அதோடு கொஞ்சம் சிரிப்பும் வந்ததால் அவ்வளவாக வலிக்கவில்லை.

மீதி நாடகம் எழுதியபடி நடக்கவில்லை. மின்னல் மாயன் வாளை ஓங்கியதும் பெண்கள் பக்கமிருந்து "பொட்டு வெச்ச மிஷின அடிப்பியா? கை வெச்சுப் பாரு!" என்று சத்தம் வந்தது. கந்தன் வாளை இறக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் காலனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கும்பிட்டான். "ஐயா, நீங்களா பாத்து உங்க காலத்துக்குப் போயிடுங்க" என்று கேட்டுக்கொண்டான். காலனும் பெருந்தன்மையாகச் சரி என்று ஷட்டருக்குள் போனான். உலகம் காப்பாற்றப்பட்டது. தலை உருளவில்லை, முகம் தெரியவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

காலன் வேண்டுமானால் நாளையிலிருந்து வந்தவன், கை டிரில் இன்றையதுதான் என்று சென்றாயன் உறுதியாகச் சொல்லிவிட்டார். தலையை மட்டும் கையால் தூக்க அனுமதி கிடைத்தது. அன்று ராத்திரி ஆஞ்சப்பன் தகர உடம்போடு தூணில் சாய்ந்து தூங்கினான். அதற்கு முன் வெங்கடம்மா ஸ்டூல்மேல் ஏறி அவன் வாயில் பொரியைப் போட்டாள். "பேசுன வாயி பசிக்கும்" என்றாள்.

காலையில் விஜயதசமி. அரை நாள் வேலை. சென்றாயன் தேங்காய் உடைத்தார். முதலில் ஓடியது கை டிரில். திம்மராயன் ஒவ்வொரு ரிவிட்டாகத் துளைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கூத்து வெளியே வந்தது. பூஜையை ஆஞ்சப்பன் வாங்கிக்கொண்டதால் தார்ப்பாய்க்குள் இருந்த நிஜ மெஷினுக்குப் பொட்டே வைக்கவில்லை. சென்றாயன் பதறி, அதற்குத் தனியாகப் பூஜை போட்டார். பூஜை போட்டால் அன்று ஓட்டக் கூடாது. பெங்களூரிலிருந்து காரில் வந்திருந்த எஞ்சினியர்கள் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு "ஆய்த்து, நாளெ பன்னி" என்று கன்னடத்தில் அவர்களை மறுநாள் வரச் சொன்னார். டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பாஸ்கரன் இதைப் பார்த்தான். எல்லாரும் பயந்துகொண்டிருந்த வருங்காலம் ஓசூருக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது. அதற்கு எந்த அட்டையில் குறி போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைசி ரிவிட்டும் கழன்றது. ஆஞ்சப்பன் தகடுகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தான். கால்கள் மரத்துப் போயிருந்தன. நிமிர்ந்து பார்த்தால் எதிரே முனிலட்சுமி. அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, கேட்காததுபோல நின்றுகொண்டிருந்த இரண்டு அம்மாக்கள். பிரஸ்கள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. சைகைக்கு வழியில்லை.

"பேசற ஆளு வேணும்னு கேட்டது நான்தான்" என்றாள் முனிலட்சுமி. "ஆனா நேத்து நீ பேசுனதப் பாத்தா எனக்கே பயமா இருக்குது. இன்னும் நாலு நாளு யோசிக்கணும்."

ஆஞ்சப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னா பாக்கற? அவ்ளோ அவசரமா இருந்தா போயிப் பாத்துட்டு வா. நீதான் போற ஆளாச்சே."

ஆஞ்சப்பன் கொஞ்சம் யோசித்தான். மரத்த காலை இழுத்து ஓரடி பின்னால் போனான். அங்கே ஒரு நிமிஷம் நின்று அக்கம்பக்கம் பார்த்தான். மறுபடி ஓரடி முன்னால் வந்தான்.

"பாத்துட்டு வந்துட்டேன்."

"என்னா சொன்னேன்?"

"தை மாசம் வெச்சுக்கலாம்னு சொன்ன."

முனிலட்சுமி வைண்டிங் பிரிவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நாலடி போய்த் திரும்பினாள்.

"சரியாக் கேக்கல மாமா நீ. கார்த்திகைன்னு சொன்னேன்."